கமலை வால் தைக்கும் ஞாயிறு

பழசாக இருந்தால் போதும், எதிலும் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டுவிடுவார்கள். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது விளங்கிவிட்டது. வாசலில் நுழைந்ததும் ஒரு தேக்கு முக்காலி. அதன் மேல் வெள்ளை எனாமல் சட்டி, ஓரத்தில் நீலக் கோடு, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். அதில் செவ்வந்தியும் ரோஜா இதழும் போட்டு நடுவில் ஒரு விளக்கையும் மிதக்க விட்டிருந்தார்கள். வருகிறவர்கள் குனிந்து முகர்ந்து, படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். எங்கோ ஒரு பழைய ஆஸ்பத்திரியைக் காலி செய்தபோது வந்த சட்டி அது. எழுந்து நடக்க முடியாத நோயாளிக்குப் படுக்கையிலேயே இடுப்புக்குக் கீழே வைப்பார்களே, அந்தச் சட்டி. என் அம்மா கடைசியில் படுத்துக் கிடந்தபோது இதே மாதிரி ஒன்றை நான் தினமும் கழுவிக் கவிழ்த்தியிருக்கிறேன். முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். குனிந்து முகர்கிறவர்களைப் பார்க்க நன்றாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

மதுரையில் மாசி வீதிகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய இரண்டு கட்டு வீடுதான் கடை. கடை என்று சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது. “கடைன்னு சொல்லாதீங்க மேடம், இது ஒரு ஸ்பேஸ்” என்பார். அவருடைய அப்பா நூல் வியாபாரம் செய்து சேர்த்ததை வைத்துக்கொண்டு சில வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, தாடியோடும் வேர்களைப் பற்றிய பெரும் கவலையோடும் திரும்பி வந்தவர். ஊரில் எவன் வீட்டை இடித்தாலும் நிலையும் கதவும் இவரிடம் வந்துவிடும். இடிக்கிறவனைத் திட்டுவார், கதவை வாங்கிக்கொள்வார். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைதான்.

நான் வரலாறு எம்.ஏ. பசுமலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அந்தத் தற்காலிகம் தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் இங்கே மேனேஜராக வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் அட்டையில் விளக்கம் எழுதி வைப்பது என் வேலைகளில் ஒன்று. நான் உள்ளதை எழுதுவேன், முதலாளி அதை அடித்துவிட்டு ஊரில் இல்லாததை எழுதுவார். மாட்டுக்கு வாயைப் பிளந்து கஷாயம் புகட்டுகிற மூங்கில் குழாய் ஒன்று வந்தது. நான் எழுதிய அட்டை மறுநாள் காணவில்லை. ‘கிராமிய இசைக்கருவி’ என்று புது அட்டை நின்றது. பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதை எடுத்து வாயில் வைத்து ஊதியே பார்த்துவிட்டார். சத்தம் வரவில்லை என்று வருத்தப்பட்டார். எத்தனை மாட்டின் எச்சில் உலர்ந்து கிடந்த குழாயோ, பாவம், நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசேஷம் நடக்கும். பாரம்பரியக் கைவினைஞர் ஒருவரைக் கூட்டிவந்து முற்றத்தில் உட்கார வைப்பார்கள். சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள், உள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரியும் காலேஜும் வைத்திருக்கிறவர்களின் வீட்டம்மாக்கள் எல்லாம் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒரு மாதம் ஆட்டுக்கல்லில் மாவாட்டும் போட்டி வைத்தார்கள். ஜிம்முக்குப் போகிற உடம்புகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி மாவாட்டின. எங்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்த அன்றைக்கு என் அம்மா பாயசம் வைத்தாள். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள், அதனால் பாயசத்தின் காரணம் எனக்குத் தெரியும்.

இன்னொரு மாதம் சோழவந்தானிலிருந்து ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரைக் கூட்டிவந்தார்கள். வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டுவது ஒரு கலையாம். அந்த மனுஷன் வீட்டில் பம்புசெட் ரிப்பேர் பார்க்க ஆள் வருகிற நாளாகப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்களே என்று எரிச்சலில் இருந்தார். ஓர் அம்மாள் அவரிடம் பீடா மடித்துக் காட்டச் சொன்னார். “நான் வெத்தல போடுறதில்லம்மா, பல்லுல கறை ஏறிரும்” என்றார் அவர். முதலாளி முகம் தொங்கிப்போய்விட்டது. வந்த கலைஞர்கள் எல்லாருக்கும் பின்கட்டில் சாப்பாடு. விருந்தினர்களுக்கு முற்றத்தில் தலைவாழை இலை. அந்த ஏற்பாடு மட்டும் அட்டையில்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

இப்படி ஊரான் வீட்டுப் பிழைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

பேரையூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் வாங்கி வருகிற வியாபாரி ஒருவர், ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். உள்ளே ஓர் ஆள் நீளத்துக்குத் தோல். ஒரு முனை அகலம், மறு முனை சின்னது, குழாய் மாதிரி மூட்டித் தைத்தது. காய்ந்து கட்டையாகக் கிடந்தது. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்துத் தோல் வால். தண்ணீர் மொண்டு வருகிற சாலின் அடியில் இது தொங்கும். சால் மேலே வந்ததும் தண்ணீர் இந்த வால் வழியாக வாய்க்காலில் கொட்டும். பம்புசெட் வந்த பிறகு எவனுக்கும் இது தேவைப்படவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பாவின் வீடு இந்த வாலைத் தைத்த வீடு. அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தைதான் சொல்வாள். தைத்த வாலைக் கொண்டுபோய் யார் கையிலும் கொடுக்கக் கூடாதாம். கிணற்று மேட்டில் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். நிலத்துக்காரச் சம்சாரி வீட்டு ஆள் வந்து அதன் மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் எடுப்பான். “நாளு பூரா தண்ணிக்குள்ள கெடக்கப் போற வாலு, அதுக்கும் ஒரு குளிப்பாட்டு” என்று அத்தை சொல்லிவிட்டுக் காறித் துப்புவாள். அந்த வாலைக் கடையில் பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அட்டையில் ‘கமலை வால், தோல்’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.

வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா. டீ குடித்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்.

“சார், இது நம்ம மேனேஜரம்மா அப்பா ஊருதேன். இந்த வாலு தைக்கிற வீடே அவுக வீடுதேன். அவுக தாத்தா தச்சதாவே இருந்தாலும் இருக்கும்.”

முதலாளி என்னைத் தேடிக்கொண்டு அறைக்கே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“மேடம், இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“எத சார்?”

“நீங்க ஆர்ட்டிசன் ஃபேமிலின்னு.”

நாங்கள் தோல் தைத்த குடும்பம் என்பதை அதுவரை பலபேர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கடைசியில் “ஆள் வந்துட்டாங்களே” என்று சொல்லாமல் சொன்னவர்கள் உண்டு. ஆர்ட்டிசன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

“எங்கப்பா கணக்கு வாத்தியார் சார். ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவரு.”

“அதனால என்ன மேடம்? அதெல்லாம் ரத்தத்துல வந்திருக்கும். வால் ஒரு எடத்துல கிழிஞ்சிருக்கு பாருங்க. அவரு வந்து எல்லார் முன்னாடியும் தச்சா எப்படி இருக்கும்?”

“அவருக்கு முடியாது சார். வயசாயிருச்சு” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பணக்காரனுக்கு ‘முடியாது’ என்ற சொல் காதிலேயே விழாது என்பதை நான் மறந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்து காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் பசுமலைத் தெருவில் முதலாளியின் கார் நிற்கிறது. உள்ளே அப்பா நாற்காலியில். எதிரே முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு. நடுவில் ஜிகினாத் தாள் சுற்றிய ஆப்பிள் கூடை. துக்கம் கேட்க வந்தவர் மாதிரியும் இருந்தது, பெண் கேட்க வந்தவர் மாதிரியும் இருந்தது.

“ஐயா, நீங்க ஒரு தடவ வந்து ஒக்காந்தாப் போதும். இந்தக் கலை அழிஞ்சு போயிரக் கூடாது” என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் பையன் தப்பாக விடை சொன்னால் இப்படித்தான் துடைப்பார். இப்போது வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நான் பையைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன்.

“வால முழுசாப் பிரிக்கணும்” என்றார் அப்பா. “பழைய தையல ஒண்ணு விடாமப் பிரிச்சாத்தேன் மேக்கொண்டு வேல பாக்க முடியும். பாதியில நிறுத்தக் கூடாது. சம்மதமா?”

“என்ன செய்யணுமோ செய்ங்க ஐயா. அதப் பாக்கத்தான அம்புட்டுப் பேரும் வாராங்க.”

“அப்ப முந்தின நாளே தண்ணியில ஊறப் போட்டுருங்க. காஞ்ச தோலு கத்திக்கு எறங்காது. நான் வாரேன்.”

முதலாளி எழுந்து கும்பிட்டார். போகிற போக்கில் அப்பாவைப் புத்தக அலமாரிக்கு முன்னால் நிற்க வைத்து செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். கார் கிளம்பியதும் நான் ஆப்பிள் கூடையைத் தூக்கித் தெருவில் வைத்தேன். அப்பா அதைத் திரும்ப எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார்.

“பழம் என்ன செஞ்சுச்சு?” என்றார்.

அன்றைக்கு நான் அப்பாவோடு போட்ட சண்டை மாதிரி வாழ்க்கையில் போட்டதில்லை. அப்பா ஊரைவிட்டுச் சின்ன வயதில் பசுமலைக்கு வந்து போர்டிங்கில் தங்கிப் படித்து, இங்கேயே கணக்கு வாத்தியாராகி, ஹெட்மாஸ்டராகி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே ‘சார்’தான். கீரைக்காரி சார் என்பாள். கோயிலில் மணியடிக்கிறவர் சார் என்பார். அவரிடம் அடி வாங்கி இன்று தாத்தாவாகிவிட்டவர்கள் பைக்கை நிறுத்தி இறங்கி “சார், நல்லாருக்கீங்களா?” என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சம்பாதிக்க அவருக்கு ஒரு ஆயுள் ஆனது. நாலு வெட்டிப் பந்தா ஆட்கள் படம் எடுத்து விளையாடுவதற்காக அதைக் கொண்டுபோய் ஊறவைத்த தோலுக்கு முன்னால் போடுவதா என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன்.

“அந்தாளு உங்கள எங்க ஒக்கார வைப்பாருன்னு நெனைக்கிறீங்க? சேர்லயா?”

“பாப்பா, வாரேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் சொன்னீங்க?”

“ஏன்னு கேக்காத. எனக்கே வெவரமாச் சொல்லத் தெரியல” என்று சொல்லிவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டியை எடுத்துக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற மனுஷன், நான் அழுததைப் பார்க்காத மாதிரி பேனாவைத் தேடினார்.

இரண்டு நாளில் வாட்ஸாப்பில் அழைப்பிதழ் வந்தது. அப்பாவின் படம். பின்னால் இருந்த புத்தக அலமாரியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மண்சுவரை ஒட்டியிருந்தார்கள். படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். கீழே ‘பரம்பரைத் தோல் கலைஞர்’. அவருடைய எம்.எஸ்ஸி.யைக் காணோம், பி.எட்.டைக் காணோம், ஹெட்மாஸ்டரைக் காணோம். மனுஷனை உரித்துவிட்டுத் தோலை மட்டும் போட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் எங்கள் கோயிலில் பெரிய பொறுப்பில் இருக்கிறவர். காலையில் பால் வாங்கும்போது செல்போனைத் தூக்கிக் காட்டினார்.

“என்ன டீச்சர், சாருக்கு இப்படி ஒரு பின்னணி இருக்கா? நமக்குத் தெரியாமப் போச்சே.”

குரலில் சர்க்கரை. மறுநாள் அதே மனிதர், “பெரியவர் எப்பக் கெளம்புறாரு?” என்று கேட்டார். பெரியவர். இத்தனை வருடச் சார் ஒரே ராத்திரியில் பெரியவர் ஆகிவிட்டார். நான் பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைச் சந்துக்குள் திரும்பும்போதே நாற்றம் எதிர்கொண்டு கூப்பிட்டது. ஊறப் போட்ட பழைய தோல் எப்படி நாறும் என்று முதலாளிக்கு எவன் சொல்லியிருப்பான். பித்தளை அண்டாவில், அதுவும் ரோஜா இதழ் தூவி, வாலை ஊற வைத்திருந்தார்கள். ராவோடு ராவாக அது உயிர் பெற்று வீடு முழுக்க உலாவிவிட்டது. மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டார்கள், செத்த வீடு மாதிரி ஆனதுதான் மிச்சம். வந்திருந்த அம்மாக்கள் எல்லாம் செண்ட் அடித்த கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, மூக்கை மூடியது தெரிந்துவிடக் கூடாதே என்று கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, பேன்ட், பெல்ட், பையில் பேனாவோடு வந்து நின்றார். முதலாளி ஓடிவந்தார். கையில் ஒரு நாலு முழ வேட்டியும் சிவப்புத் துண்டும்.

“ஐயா, இதக் கட்டிக்கிட்டா நல்லாருக்கும்.”

“ஏன், பேன்ட்டுல ஒக்காந்தா தையலு பிரியாதா?”

முதலாளி சிரித்து மழுப்பினார். முற்றத்து நடுவில் கோரைப்பாய் விரித்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, கடையில் இருந்த பழைய குத்தூசி, கத்தி, தடித்த ஊசி எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி வைத்திருந்தார்கள். அப்பா பாயைப் பார்த்தார்.

“முழங்கால் மடங்காது சார். ஒரு மேசையும் ஸ்டூலும் போடுங்க.”

போட்டார்கள். பாயைச் சுருட்டும்போது முதலாளிக்கு மனசே இல்லை.

பிறகு முதலாளி பேசினார். விவசாயியும் கலைஞரும் ஒரே குடும்பமாக வாழ்ந்த காலம், ஒருவருக்கொருவர் அன்பாகக் கொடுத்து வாங்கிய காலம், அதை இழந்துவிட்டோம் என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியது என் வேலை. கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றி எடுத்த குடும்பம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்பா என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. அன்பாகக் கொடுத்து வாங்கினார்கள் என்றே சொன்னேன். சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா முதலில் அந்தத் தடித்த ஊசியை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு கையால் தோலின் ஓரத்தைத் தூக்கி, ஊசியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எல்லாரும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். தைக்கப் போகிறார், என் அப்பா இவர்கள் முன்னால் உட்கார்ந்து தோல் தைக்கப் போகிறார், நாளைக்கு எதிர்வீட்டுச் செல்போனில் இது வரும், நான் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவர் ஊசியை மறுபடியும் இலையில் வைத்துவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த அரை பிளேடை எடுத்தார். பென்சில் சீவுவதற்கு எப்போதும் வைத்திருப்பது. தையல் தொடங்குகிற முனையைத் தேடி, முதல் தோல் வாரை அறுத்தார். அறுத்த வாரைக் குத்தூசியால் நெம்பி, விரலில் சுற்றி இழுத்தார். ஈரத் தோலிலிருந்து வார் வரும்போது ஒரு சத்தம் வந்தது, பல் பிடுங்குகிற மாதிரி. அடுத்தது. அதற்கு அடுத்தது. அவசரமே இல்லை. கரும்பலகையில் பெரிய கணக்கு ஒன்றை வரி வரியாகப் போடுகிற நிதானம்தான். முதலாளி பக்கத்தில் நின்று, “பாருங்க, அந்தக் கையோட ரிதத்தப் பாருங்க” என்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார். ஓர் அம்மாள் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். இது தியானம் மாதிரி இருக்கிறது என்றார். நாற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால் எதுவும் தியானம் மாதிரிதான் இருக்கும்.

கடைசி வாரும் வந்தது. குழாயாக இருந்தது விரிந்து, மேஜை மேல் வெறும் தோலாக, கோணல்மாணலாகக் கிடந்தது. ஓரம் முழுக்க ஓட்டை. இனிமேல்தான் நிஜமான வேலை என்று எல்லாரும் நெருங்கி வந்தார்கள். அப்பா கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார். எழுந்தார்.

“முடிஞ்சது சார்.”

முதலாளிக்குப் புரியவில்லை. “டீ எதுவும் வேணுமா ஐயா? குடிச்சிட்டுத் தைக்கலாம்.”

“தைக்கத் தெரியாது சார் எனக்கு.”

“ஐயா?”

“தைக்கத் தெரியாது. நீங்க என்னய எல்லாங் கேட்டீங்க, அத மட்டும் கேக்கல. வால பிரிக்கணும், சம்மதமான்னு நான் கேட்டேன். சம்மதம்னீங்க. பிரிச்சுட்டேன்.”

அப்பாவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், கோபமே இல்லாமல், பாடம் மாதிரி சொன்னார்.

“தண்ணி எறைக்கையில வாலு கிழிஞ்சா, தெரு முக்குல நின்னு சத்தம் குடுப்பாங்க. சோத்துல கைய வச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போகணும். காய்ச்சல்னாலும் போகணும். எங்கப்பா அப்பிடித்தேன் போனாரு. பழச பிரிச்சுக் குடுக்குற வேலைக்கு மட்டும் என்னய வச்சுக்கிட்டாரு. ஊசிய எடுக்கையில, வெளிய போய் வெளையாடுன்னு வெரட்டி விட்ருவாரு. ஒரு நாளு ஒளிஞ்சு நின்னு பாத்தேன், அதுக்கு அடி விழுந்துச்சு. எங்கப்பா என்னய அடிச்சது அந்த ஒரு தடவதேன். ‘ஒனக்குத் தெரிஞ்சா என்னைக்காவது ஒருத்தன் வந்து கூப்புடுவான்டா’ன்னாரு. எங்கப்பா செத்து எம்புட்டோ வருசமாச்சு. நீங்க வந்து கூப்புட்டீங்க.”

இத்தனை வயதாகி எனக்கே தெரியாத விஷயம் அது. மற்றவர்களோடு சேர்ந்து நானும் அப்போதுதான் கேட்டேன். அப்பாவுக்குத் தைக்கத் தெரியும் என்று நானும்தானே நம்பியிருந்தேன். கண்ணை மூடித் தியானம் செய்த அம்மாள் மட்டும், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

முதலாளி மேஜை மேல் கிடந்த தோலைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“மேடம், இப்ப இத எப்படி விக்கிறது?”

“அட்டைய மாத்திருங்க சார்” என்று சொல்லிவிட்டு என் கைப்பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தேன். அந்த வீட்டுக்குள் பிறகு நான் போகவில்லை.

பசுமலை வழியாகத் திருமங்கலம் போகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் பிடித்துக்கொண்டார்.

“நீங்க தச்சிருவீங்கன்னு பயந்துட்டேன்பா” என்றேன்.

“நானுந்தேன் பயந்தேன்.”

“தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“சொல்லிக் குடுக்கலன்னு தெரியும். ஒரு தடவ பாத்தேன்னு சொன்னேன்ல. பாத்தது எங்கயாவது உள்ளுக்குள்ள கெடக்குமோ, ஊசி கையில ஏறுனா கை தன்னால போயிருமோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. வீட்டுல ஒரு பட்டன் தைக்கக்கூட ஊசிய எடுக்க மாட்டேன், பாத்திருக்கீல்ல. அதத்தேன் இன்னைக்கு எடுத்துப் பாத்தேன்.”

பார்த்திருக்கிறேன். அம்மா போன பிறகு அவர் சட்டைப் பட்டனெல்லாம் நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். சோம்பேறித்தனம் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

“என்னப்பா ஆச்சு?”

அவர் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“ஒண்ணுமே வரல பாப்பா” என்றார்.